பனிக்கு மை கிடையாது

சிவகாசியில் எந்த அச்சகத்துக்குள் போய் நின்றாலும் மை டப்பாக்கள் நான்கு நிறத்தில்தான் இருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சாமி படமானாலும் சரி, பட்டாசுப் பெட்டி லேபிளானாலும் சரி, கண்ணில் படுகிற அத்தனை நிறமும் இந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொட்டுப் பொட்டாக விழுந்து உண்டாகிறவை. வெள்ளைக்கு மட்டும் டப்பா கிடையாது. காலண்டரில் பசுவின் மடியும் அம்மன் தலையில் மல்லிகையும் வெள்ளையாகத் தெரிகிறதென்றால், அந்த இடத்தில் நாலு மையும் ஒதுங்கிக்கொண்டது என்று அர்த்தம். காகிதம் சும்மா இருக்கிறது. அதுதான் வெள்ளை.

இதை அங்கே வேலை பார்க்கிறவர்கள்கூட நினைத்துப் பார்ப்பதில்லை. காலண்டர் படத்தில் வெற்றிடம் விட்டால் வாங்குகிறவனுக்குப் பிடிக்காது. வானம் என்றால் ரோஸும் ஊதாவுமாக இருக்க வேண்டும், கோயில் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சூரியனாவது வேண்டும். அதனால் காகிதத்தில் சின்னக் கறை இருந்தாலும் ஏதாவது ஒரு தங்கக் கிரீடத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த வருஷம் ஆடி முடிந்து அய்யாதுரையின் அச்சகத்துக்கு வந்த ஆர்டரில் முக்கால்வாசி வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு பனிமலையின் வரைபடம்.

செல்போன் மேஸ்திரிகளின் சட்டைப்பைக்கு வந்துவிட்டு, பெண்களின் கைக்கு இன்னும் வராத வருஷங்கள் அவை. அய்யாதுரையின் மகன் ஹரிஷ்குமார் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து, ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் பிடித்த முதல் ஆர்டர் இது. மாதிரித் தாளை பைண்டிங் செக்‌ஷனுக்கே கொண்டுவந்து மேஜையில் விரித்துக் காட்டினான். அமெரிக்காவில் மேற்குப் பக்கத்து மலைகளில் குளிர்காலத்தில் பனி பஞ்சு பஞ்சாக விழுந்து மலையையே மூடிவிடும், ஜனங்கள் காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்கி வருவார்கள், அவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மடிப்புத் தாள்தான் இது என்றான்.

மடிப்பு வேலை பார்க்கிற பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்தாள்.

“மேக்கு மலைன்னா, செம்பகத்தோப்புக்கு அங்கிட்டா தம்பி?”

பஸ்ஸில் போய்வருகிற தூரத்து மலையடிவாரம் அது; சிரிப்பு அடங்க நேரமானது. மடிப்புப் பெண்களுக்கு மேஸ்திரியான லட்சுமிகாந்தம் அக்கா, “ஆமா, போற வழில ஆண்டாள கும்பிட்டுட்டு போய் சறுக்கிட்டு வா” என்றாள். பாண்டிச்செல்வியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவளுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தாக வேண்டும். ஹரிஷுக்கும் யாராவது கேட்டால் போதும். பச்சை வட்டம் போட்ட பாதை புதுசாகச் சறுக்குகிறவர்களுக்கு, நீலச் சதுரம் கொஞ்சம் பழகியவர்களுக்கு, கறுப்பு வைரம் கைதேர்ந்தவர்களுக்கு, அதில் போய்ச் செத்தவர்களும் உண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். முதல் பனி விழுந்ததும் மலையைத் திறந்துவிட முடியாதாம். தரையில் வெயில் காலத்துச் சூடு மிச்சம் இருக்கும். முதலில் விழுகிறது கரைந்துவிடும். அதன்மேல் விழுகிறதுதான் தங்கும். பற்றாக்குறைக்குக் கடுங்குளிர் நேரமாகப் பார்த்துப் பெரிய குழாய் வைத்துத் தண்ணீரைத் தூளாக ஊதுவார்கள். அது கீழே விழுவதற்குள் பனியாகிவிடும். அப்படியும் பாறை தெரிந்தால் திறக்க மாட்டார்கள். எந்த மலை முதலில் திறக்கிறதோ அங்கேதான் கூட்டம் போகும்.

“புது வெடிய எவன் மொதல்ல கடைக்கு அனுப்புறான்னு இங்க அடிச்சுக்கிறாகல்ல. அதே கததான்” என்றான்.

அன்றிலிருந்து அவன் பைண்டிங் செக்‌ஷனைக் கடக்கும்போதெல்லாம் யாராவது, “தம்பி, இன்னைக்குப் பனி எம்புட்டு?” என்று கேட்பார்கள். அவனும் கம்ப்யூட்டரில் பார்த்ததை, விரல் அளவு, சாண் அளவு என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவான். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. பாண்டிச்செல்விக்கு அப்படி இல்லை. அந்தப் பனியில் அவள் புருஷனுடைய உயிர் இருந்தது.

அவள் புருஷன் முனியராஜ் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். நாலு பக்கமும் வாசல் வைத்த சின்ன அறை. வெறுங்கால், பருத்தித் துணி, பக்கத்தில் ஒரே ஒரு ஆள். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் தனித்தனியாகச் சலித்து, பிறகு கையாலேயே கலக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டுமென்பதால் விடியும்போதே வேனில் போய்விடுவான். அந்தப் பவுடர் சாதாரணத் தூசி இல்லை. கண்ணுக்குத் தெரியாத செதில்கள். தோலின் துவாரத்துக்குள், ரேகைக்குள், நகக்கண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். திருட்டு நடந்த வீட்டில் கைரேகை எடுக்கப் போலீஸ்காரர்கள் தூவுகிற பொடியும் இதே இனம்தான். எவ்வளவு மழமழப்பான இடமோ அவ்வளவு நன்றாக ஒட்டும்.

முனியராஜ் வேன் விட்டு இறங்கி வரும்போது உற்சவத்துக்குக் கிளம்பிய வெள்ளிச் சிலை மாதிரி இருப்பான். குளித்த பிறகும் காது மடலுக்குப் பின்னால் மினுங்கும். தலையணை உறையில், தண்ணீர்க் குடத்தின் கழுத்தில், பாண்டிச்செல்வியின் தாலிக்கயிற்றில், மகள் சினேகாவின் கன்னத்தில் எல்லாம் அந்த மினுக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சர், என்னடி ஜிகினா பூசியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, “எங்கப்பா ஒட்டியிருச்சு டீச்சர்” என்று சினேகா சொன்னதை அந்தத் தெருவே சொல்லிச் சிரித்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாளாக ஆக, அது கண்ணில் படுவதே நின்றுபோனது.

போன வருஷம் ஐப்பசி மழையில்தான் பாண்டிச்செல்வியின் அண்ணன் சோணைமுத்து வேலை பார்த்த கம்பெனியில் விபத்து நடந்தது. அலுமினியம் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் போதும், நெருப்பே வேண்டாம். உள்ளுக்குள்ளேயே மெல்லச் சூடேறும். சாயங்காலம் மழை வந்துவிட்டதென்று மிச்ச மருந்தை யாரோ மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் சோணைமுத்து கதவைத் திறந்தான். உயிர் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இப்போது அவனுக்கு மனைவிதான் ஊட்டிவிடுகிறாள். யாராவது பார்க்கப் போனால், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்த்துக்கொள்கிறவன் மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பாண்டிச்செல்விக்கு ஒரே நினைப்பு. இந்த ஐப்பசி மழைக்குள் முனியராஜை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அய்யாதுரையிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. எதையும் யோசித்துச் செய்கிறவர்.

“இந்த ஒரு லோடு நல்லபடியா போகட்டும் பாண்டிச்செல்வி. ஒரு மலைக்காரனுக்குப் புடிச்சுப்போச்சுன்னா பக்கத்து மலைக்காரன் எல்லாம் இங்கதான் வருவான்னு சொல்லுதான் ஹரிஷ். அப்ப ரெண்டாவது மெஷின் போடணும். பேப்பர் ஏத்தி இறக்க ஆள் வேணும்ல? உன் வீட்டுக்காரன கூட்டியா.”

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது முனியராஜ் கம்மங்கூழுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“எங்கயோ பனி பெய்யணும், அதுக்கு எவனோ மலையத் திறக்கணும், அதுக்கு உங்க மொதலாளி மெஷின் வாங்கணும். நாம சாமிக்கு நேர்ந்துக்கிறதா இருந்தா எந்தச் சாமிய கேக்குறது செல்வி?”

“பெய்யும். நீங்க பாருங்க” என்றாள்.

பெய்தது. ஆனால் சீக்கிரமாகப் பெய்துவிட்டது.

கப்பலில் அனுப்பினால் போதும், கார்த்திகை பிறந்து மலை திறக்கும்போது தாள் அங்கே இருந்தால் சரி என்பதுதான் பேச்சு. ஐப்பசி பிறந்த வாரமே அந்த மலைகள் முழுக்க இடுப்பளவு பனி கொட்டிவிட்டதாக ஹரிஷ் ஓடிவந்து சொன்னான். கையை இடுப்பில் வைத்துக் காட்டினான். மலைக்காரர்களெல்லாம் முந்திக்கொண்டு திறக்கப் போகிறார்களாம். தாள் விமானத்தில் வந்தாக வேண்டுமாம். சென்னையில் ஏஜென்ட் காத்திருக்கிறாராம். அதே வாரம் சிவகாசியிலும் மழை பிடித்துக்கொண்டது. அங்கே பனி, இங்கே மழை, நடுவில் காகிதம்.

காகிதம் மழையைக் குடிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் ஒரு மயிரிழை அகலமாகும். முதல் மை விழுந்த இடத்தில் இரண்டாவது மை விழாது. பாதையின் ஓரம் இரண்டு கோடாகத் தெரியும். மெஷினைச் சுற்றிப் படுதா கட்டி, குண்டு பல்புகளை எரியவிட்டு, ஒருவழியாக அச்சடித்து முடித்தார்கள். பனியில் தூசியில்லை, கோடில்லை. மரத்தின் நிழலுக்கு மட்டும் லேசாக நீலப் பொட்டு. ஈரச் சட்டையோடு நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தாளிலிருந்து குளிர் அடித்தது.

மடிப்புதான் மிச்சம். தாள் கனமான ஆர்ட் பேப்பர். மெஷினில் கொடுத்தால் மடிப்பில் வெடித்து வாய் பிளந்துவிடும். கோடு கிழித்து, விசிறி மாதிரி மாற்றி மாற்றிக் கையால்தான் மடிக்க வேண்டும். இருக்கிற பெண்கள் போதாது. அய்யாதுரை வந்து பாண்டிச்செல்வியைப் பார்த்தார்.

“நாரணாபுரத்துல மழைக்கு வேலை இருக்காதுல்ல? உன் வீட்டுக்காரன கூட்டியா. இதுல கைய நனைக்கட்டும், மத்தத பெறகு பாப்போம்.” போகப் போனவர் திரும்பினார். “கை சுத்தமா இருக்கணும்மா. மருந்துக் கை.”

“நான் பொறுப்பு மொதலாளி” என்றாள் பாண்டிச்செல்வி.

மறுநாள் காலையில் முனியராஜைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் கல்மேல் உட்காரவைத்து அவளே தேய்த்தாள். முதலில் மண்ணெண்ணெய்த் துணி. பிறகு புளி. பிறகு சீயக்காய்த் தூளைத் தேங்காய் நாரில் தொட்டு, ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு நகமாக. அவன் கையைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் அவனுடைய ரேகைகளை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அவளுடைய அந்தப் பெருவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. சின்னப் பிள்ளையாகத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும்போது தகரம் வெட்டியது. நுனியிலிருந்து சாய்வாக ஒரு வரப்பு மாதிரி ஓடும்.

“விடு செல்வி, எலும்பு தெரியப்போவுது.”

“தெரியட்டும். காட்டுங்க மறுகைய.”

எதிர்வீட்டு சுப்புத்தாய் வாசலில் உட்கார்ந்து வெடிக்குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் கம்பி, பக்கத்தில் பசைச் சட்டி. “மாப்பிள்ளைய மறுவீட்டுக்கு அனுப்புற மாதிரில்ல தேய்க்கா” என்றாள்.

தேய்த்து முடித்து அவன் கைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் சிவந்து, குழந்தையின் உள்ளங்கை மாதிரி இருந்தது. பொட்டு மினுக்கம் கிடையாது. தன் கையை அப்படியே தொட்டித் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள்.

முனியராஜுக்கு மடிப்பு சீக்கிரம் பிடிபட்டது. மருந்து அறையில் பழகிய விரல்கள். அவசரப்படாது, உரசாது, எதையும் வேகமாக வைக்காது. தாளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, பெருவிரலால் நடுவில் ஒரு அழுத்து. அங்கிருந்து மடிப்பு படியும்படி மூங்கில் பத்தையை ஓரம் வரைக்கும் ஓட்ட வேண்டும். ஓரங்களில் கை படுவதைப் பற்றிக் கவலையில்லை, கடைசியில் கட்டிங் மெஷின் வெட்டி எறிந்துவிடும். பெருவிரல் விழுகிற இடம் மட்டும் வெட்டுப்படாது. அது மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெறும் பனியில் விழுந்தது.

மழைநாளாகையால் அய்யாதுரை காராச்சேவும் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தார். எண்ணெய்க் கை தாளில் படக்கூடாதென்று லட்சுமிகாந்தம் அக்கா ஒவ்வொருத்தர் வாயிலும் காராச்சேவைத் தானே போட்டுவிட்டுப் போனாள். முனியராஜ் முறை வந்தபோது பெண்கள் சிரித்தார்கள். அவன் வெட்கப்பட்டு வாயைத் திறந்தான். பிறகு அவனும் பேச ஆரம்பித்தான்.

“நாங்களும் சறுக்கியிருக்கோம்க்கா. பனைமட்டைய வெட்டி, அதுல உக்காந்து கம்மாக்கரைல இருந்து கீழ. டவுசர் கிழியும். வீட்டுல போய் முதுகு கிழியும்.” கறுப்பு வைரம் போட்ட பாதையைத் தொட்டுப் பார்த்தான். “இதுல போனா சாவாகன்னு எழுதியேவா குடுக்காக?”

“அப்படித்தான் ஹரிஷ் தம்பி சொன்னாக” என்றாள் பாண்டிச்செல்வி.

“தெரிஞ்சே போறாக. ம். நாரணாபுரத்துக்கு ஒரு வரைபடம் போட்டா எந்த ரூமுக்கு என்ன கலர் போடுவாக?”

“உமக்குப் பச்ச வட்டம் போட்டாச்சு. மூடிக்கிட்டு மடியும்” என்றாள் லட்சுமிகாந்தம் அக்கா. பாண்டிச்செல்வி குனிந்துகொண்டாள். அந்த வார்த்தை நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்தது.

அப்போதுதான் யாரோ இரும்பு ஸ்கேலைக் கீழே போட்டார்கள். சிமென்ட் தரையில் கணீரென்று விழுந்தது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை. பாண்டிச்செல்வி பக்கத்தில் பார்த்தாள், முனியராஜ் இல்லை. அவன் கதவுக்கு வெளியே, கொட்டுகிற மழையில், நனைந்துகொண்டு நின்றான். எப்போது எழுந்தான், எப்போது ஓடினான் என்று யாருக்கும் தெரியாது. மருந்து அறைக்குள் இரும்பே போகக் கூடாது. ஒரு உரசல் பொறி போதும். அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக வெளியே போய்விடும்.

அவனும் சிரித்தான், அவர்களும் சிரித்தார்கள். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். “பளகிரும் செல்வி. கொஞ்ச நாள்ல பளகிரும்” என்று மெதுவாகச் சொன்னான்.

மடிப்பு முடிகிற மட்டும் தினமும் காலையில் அவள் அவனுக்குத் தேய்த்துவிட்டாள். தினமும் அவன் கையை வெளிச்சத்தில் பார்த்தாள்.

லோடு லாரியில் சென்னைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஏஜென்ட் விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஹரிஷ் அந்தப் பெட்டியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒரு தாளை எடுத்துச் சாய்த்தான். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கொஞ்சம் சாய்த்ததும், உச்சிக்குக் கீழே பனியில் சாம்பல் நிறத்தில் ஒரு மறு எழும்பியது. இன்னும் சாய்த்தால் மின்னியது.

“மை இல்ல. மெஷின் அழுக்கும் இல்ல” என்றான். அவனுக்கு முகம் செத்துப்போயிருந்தது.

லட்சுமிகாந்தம் அக்கா வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து முனியராஜைப் பார்த்தாள். அவன் மூலையில் காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அய்யாதுரைதான் அவனைப் பெட்டி ஏற்றவும் இருக்கச் சொல்லியிருந்தார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கட்டை மெதுவாகக் கீழே வைத்தான். சத்தம் வராமல்.

“என் கையாத்தான் இருக்கும் மொதலாளி” என்றான். தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

அய்யாதுரை கத்தியிருந்தால் தேவலை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டார். “மருந்துக் கை லேசுல போகாதுன்னு எனக்குத் தெரியும்யா. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். ஒன்னைச் சொல்லி என்ன செய்ய” என்றார். கொஞ்சம் கழித்து, “நாளைலருந்து நீ உன் கம்பெனிக்கே போயிருப்பா. இங்கன இனி ஒரு தாளத் தொடாத” என்றார்.

பாண்டிச்செல்விக்கு, நான் பார்த்துத்தான் கூட்டிவந்தேன், அந்தக் கை சுத்தமாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குள் லட்சுமிகாந்தம் அக்கா பெண்களை உட்காரச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தாளாகச் சாய்த்துப் பார்த்து, நல்லதைத் தனியாக, கறை பட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். நல்லது போதுமான அளவு தேறினால் அதையாவது அனுப்பலாம்.

பாண்டிச்செல்வி ஒரு தாளைச் சாய்த்தாள். வெள்ளிப் பெருவிரல் ஒன்று எழுந்தது. ரேகை சுழி சுழியாக, போலீஸ்காரன் எடுத்த மாதிரி அத்தனை தெளிவாக இருந்தது. அதன் நடுவே, நுனியிலிருந்து சாய்வாக ஒரு வெள்ளை வரப்பு ஓடியது.

அடுத்த தாளைச் சாய்த்தாள். அதே வரப்பு. அடுத்ததிலும். வரப்பு இல்லாத ஒரு ரேகையாவது கிடைக்குமா என்று அவள் வேகவேகமாகத் தேடினாள். முனியராஜ் மடித்த கட்டுகள் அவளுக்கு அடையாளம் தெரியும். மருந்துப் பொட்டலம் கட்டுகிற மாதிரி நூலை இரட்டை முடிச்சுப் போட்டிருப்பான். அந்தக் கட்டைப் பிரித்துச் சாய்த்தாள். பனி சுத்தமாக இருந்தது. அடுத்த தாளிலும் சுத்தமாக இருந்தது. அவன் கையிலிருந்து அவள் தேய்த்து எடுத்த அத்தனையும், தேய்த்த பெருவிரலில்தான் ஏறியிருந்தது. அந்தத் தழும்பின் இரண்டு கரையிலும், நகக்கண்ணிலும். அவன் கையைத்தான் வெளிச்சத்தில் பார்த்தாள். தன் கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த மினுக்கம் அவள் கண்ணில் பட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆபீஸ் அறை வாசல்வரை போனாள். அய்யாதுரை போனில் பேசிக்கொண்டிருந்தார். மெஷின்காரனிடம், ரெண்டாவது மெஷின் இப்போது வேண்டாம் என்று. வாசலில் நின்றவளை என்ன என்பது போலப் பார்த்தார். இரண்டு பேரில் ஒருத்தர் கைக்காவது இங்கே வேலை இருக்கட்டும் என்று அவள் அந்த நேரத்தில் யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். அவ்வளவு கோர்வையாக எதுவும் தோன்றவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். “ஒண்ணுமில்ல மொதலாளி” என்று திரும்பிவிட்டாள்.

எல்லாரையும்விட வேகமாக மடித்தவள் பாண்டிச்செல்விதான்; அவள் கை பட்டது போக நல்ல தாள் போதுமான அளவு தேறவில்லை. ஹரிஷ் பிறகு ஒருநாள், மலை சொன்ன தேதியில் திறந்துவிட்டதாகவும், நல்ல கூட்டமாம் என்றும் சொன்னான். தாள் இல்லாமலா சறுக்கினார்கள் என்று யாரோ கேட்டதற்கு, சறுக்குவதற்குத் தாள் எதற்கு என்றான். அதற்குமேல் அவனிடம் யாரும் பனியைப் பற்றிக் கேட்கவில்லை.

தீபாவளி வரைக்கும் முனியராஜ் மழைக்கு மழை வேலையில்லாமலும், வெயில் அடித்த நாளில் இரண்டு பங்கு வேலையாகவும் நாரணாபுரத்தில் மருந்து கலக்கினான். ஈர நாளின் மறுநாள் காலையில் அவன் வேன் ஏறிப் போன பிறகு, பாண்டிச்செல்வி பஸ்ஸுக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நிற்பாள். எந்தத் திசையிலிருந்தும் சத்தம் வரவில்லை என்றால்தான் கால் நகரும். அவன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “என் கைல இருக்குறது சீயக்காய்க்கெல்லாம் போகாது. உன்மேல தப்பில்ல செல்வி” என்று அவளைத் தேற்றினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தீபாவளி முடிந்து, அடைத்த கம்பெனிகள் மறுபடி திறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்புத்தாய் வீட்டுக்கு வெடிக்குழாய் சுற்றுவதற்குக் காகிதம் வந்து இறங்கியது. அச்சகங்களில் கழித்த தாள்கள் அப்படித்தான் போகும்; வியாபாரி எடுத்து, பட்டை பட்டையாக வெட்டி, தெருத்தெருவாகக் கொடுப்பான். பெண்கள் கம்பியில் சுற்றிப் பசை தடவிக் குழாயாக்கிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடப் பாடம், பழைய பரீட்சைப் பேப்பர், சோப்பு லேபிள் எல்லாம் வெடிக்குள் போகும்.

“ஏ பாண்டி, ஒங்க ஆபீஸ் பேப்பராட்டம் இருக்கு. மொடமொடன்னு இருக்கு, சுத்தவே மாட்டேங்கு. ஒரு கை குடுங்க ரெண்டு பேரும்” என்று கூப்பிட்டாள் சுப்புத்தாய்.

போய் உட்கார்ந்த பிறகுதான் பாண்டிச்செல்வி பார்த்தாள். மடியெல்லாம் பனி. சினேகா ஒரு பட்டையைத் தலையில் கிரீடமாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள். முனியராஜ் கம்பியை வாங்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். ஒன்று, இன்னொன்று. மூன்றாவதை எடுத்தவன் நிறுத்தினான். இளவெயில் அவன் தோளுக்கு மேலாகத் தாளில் விழுந்துகொண்டிருந்தது. தாளைச் சாய்த்தான். மறுபடி சாய்த்தான். தன் பெருவிரலை அதில் எழுந்த ரேகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

பிறகு பாண்டிச்செல்வியின் வலது கையைப் பிடித்துத் திருப்பினான். பசை ஒட்டியிருந்தது. அதைத் தன் வேட்டி நுனியால் துடைத்தான். தழும்பைப் பார்த்தான்.

“அன்னைக்கே தெரியுமா?” என்றான்.

“தெரியும்.”

சுப்புத்தாய், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையைக் கிண்டிக்கொண்டே ஏதோ கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. முனியராஜ் கையை விட்டான். அந்தப் பட்டையைத் தரையில் போட்டு, ரேகை உட்பக்கம் போகும்படி திருப்பி, கம்பியை அதன்மேல் வைத்தான். ஒரே சீராக உருட்டினான். வெள்ளிப் பெருவிரல் ஒரு சுற்றுக்குள் போனது, பிறகு பனி, பிறகு கறுப்பு வைரம் போட்ட பாதை.

“பசையத் தள்ளு இங்கன” என்றான்.

அவள் தள்ளினாள். ஓரத்தை ஒட்டி, கம்பியை உருவி, குழாயைக் குவியலில் போட்டான். அது மற்ற குழாய்களோடு உருண்டு கலந்தது. காய்ந்ததும் கம்பெனி வேன் வந்து எல்லாவற்றையும் நாரணாபுரத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். அவன் கலக்குகிற மருந்தைத்தான் அவற்றுக்குள் நிரப்புவார்கள்.